குவைத் பெண்களின் வாக்குரிமை: கிடைத்த உரிமையும் கிடைக்காத அதிகாரமும்

குவைத் என்றதும் நம் ஊர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலைதான். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன தாய், சாரதியாகப் போன மாமா, அவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு என்று குவைத்தை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். அந்நாட்டுப் பெண்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. உயர்தரத்தில் அரசறிவியல் கற்கும் மாணவி என்ற வகையில் அவர்களுடைய வாக்குரிமைப் போராட்டத்தைத் தேடிப் படித்தேன். உரிமை வேறு, அதிகாரம் வேறு என்பதை எந்த வரைவிலக்கணத்தையும் விட அந்த வரலாறு எனக்குத் தெளிவாக விளக்கியது.

சட்டத்தில் இருந்த ஒரு சொல்

குவைத் 1961 இல் சுதந்திரம் பெற்றது. 1962 இல் இயற்றப்பட்ட அதன் அரசியலமைப்பு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றது. ஆனால் அதே ஆண்டில் வந்த தேர்தல் சட்டம், 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்றது. "ஆண்" என்ற அந்த ஒரு சொல்லை அகற்ற நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. நம் நாட்டிலோ டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இலேயே ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்துவிட்டனர்.

குவைத் பெண்கள் கல்வியில் பின்தங்கியிருந்ததால் இது நேர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1993 இல் பாயிஸா அல்-கராஃபி என்ற இரசாயனவியல் பேராசிரியை குவைத் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ஒரு பல்கலைக்கழகத்தையே நிர்வகிக்கத் தகுதி பெற்ற அவருக்கு, ஒரு வாக்குச்சீட்டில் அடையாளமிடும் தகுதி இல்லை என்றது சட்டம். 1990 ஓகஸ்டில் ஈராக் படையெடுத்தபோது எதிர்ப்பு இயக்கத்தில் பெண்களும் பங்கேற்றனர். அவர்களுள் அஸ்ரார் அல்-கபந்தி பிடிபட்டு, 1991 ஜனவரியில் கொல்லப்பட்டார். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம், வாக்கைக் கொடுக்க முடியாது என்ற நிலை விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்தது.

தடுத்தது மார்க்கமா?

1999 மே மாதம், பாராளுமன்றம் கலைக்கப்பட்டிருந்த வேளையில், அமீர் ஷெய்க் ஜாபிர் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் ஆணையைப் பிறப்பித்தார். புதிய பாராளுமன்றம் நவம்பரில் அதனை 41 இற்கு 21 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அடுத்து உறுப்பினர்களே கொண்டுவந்த சட்டமூலம் 32 இற்கு 30 என்று இரண்டே வாக்குகளால் தோற்றது.

எதிர்த்தவர்களுள் இஸ்லாமிய அணியினரும் கோத்திரப் பிரதிநிதிகளும் இருந்தனர். பொது அதிகாரம் ஆண்களுக்கே உரியது என்பது அவர்களுட் பலரின் வாதம். ஆதரித்தவர்களும் முஸ்லிம்களே. நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் பைஅத் செய்ததை அல்குர்ஆனின் அல்-மும்தஹினா அத்தியாயம் கூறுகிறது. ஹுதைபிய்யாவில் தோழர்கள் தயங்கி நின்ற நெருக்கடியான வேளையில், நபியவர்கள் உம்மு ஸலமா (றழி) அவர்களின் ஆலோசனையை ஏற்று நடந்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கியில் 1934 இலும் எகிப்தில் 1956 இலும் பெண்கள் தேசிய வாக்குரிமை பெற்றுவிட்டனர். ஆகவே, மார்க்கம் தடுத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சரியாகாது.

அந்த ஆணையை எதிர்த்தவர்களுள் பெண்ணுரிமையை ஆதரிப்பதாகக் கூறிய சில தாராளவாதிகளும் இருந்தனர் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. பாராளுமன்றம் இல்லாத நேரத்தில் ஆணை மூலம் சட்டமியற்றுவது தவறு என்பது அவர்கள் கூறிய காரணம். என் கருத்தில் வேறொரு காரணமும் உண்டு. வாக்காளர் தொகை ஒரே நாளில் இரு மடங்காகும்போது, ஏற்கெனவே வென்றவர்களின் கணக்கெல்லாம் குழம்பிவிடும். கையிலுள்ள ஆசனத்தை யாரும் எளிதில் பணயம் வைக்கமாட்டார்கள்.

பெண்கள் ஓயவில்லை. பதிவு நிலையங்களுக்குச் சென்று தம் பெயரைப் பதியுமாறு கேட்டனர்; மறுக்கப்பட்டதும் நீதிமன்றம் சென்றனர்; வழக்குகள் தோற்றதும் பாராளுமன்றத்தின் முன் கூடினர். 2005 மே 16 ஆம் திகதி 35 இற்கு 23 என்ற வாக்குகளால் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த மாதமே மஸூமா அல்-முபாரக் நாட்டின் முதலாவது பெண் அமைச்சரானார்.

வாக்கு வந்தது, ஆசனம்?

2006 பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் ஒரு பெண்கூட வெல்லவில்லை. 2008 இலும் அதே முடிவு. கோத்திரத்தின் ஆதரவு, பணம், ஆண்கள் இரவில் கூடிப் பேசும் திவானிய்யா ஆகியவையே அங்கு வேட்பாளரை வளர்ப்பவை. இவற்றில் எதையும் ஒரு சட்டத்திருத்தம் பெண்ணுக்குத் தந்துவிடவில்லை.

தேர்தல் முறையையும் பார்க்க வேண்டும். முன்பு இரண்டு ஆசனங்கள் வீதம் 25 சிறு தொகுதிகள் இருந்தன. 2008 முதல் பத்து ஆசனங்கள் வீதம் 5 பெருந்தொகுதிகளாயின. அப்போது ஒருவர் நால்வருக்கு வாக்களிக்க முடிந்தது. ஒரு வாக்கைக் குடும்பத்தார் சொன்னவருக்கு அளித்தாலும், இன்னொன்றைத் தான் விரும்பியவருக்கு அளிக்க இம்முறை இடம் தந்தது. 2009 இல் முதன்முறையாக நான்கு பெண்கள் வென்றனர். ஆனால் 2012 பெப்ரவரித் தேர்தலிலும் 2020 தேர்தலிலும் பெண் ஒருவருமில்லை. 2024 மே மாதம் பாராளுமன்றமே கலைக்கப்பட்டு, அரசியலமைப்பின் சில உறுப்புரைகள் நான்கு ஆண்டுகள் வரை இடைநிறுத்தப்பட்டன. வாக்குச்சீட்டுக்காக அத்தனை காலம் போராடிய பெண்களுக்கும், அதை முன்பே வைத்திருந்த ஆண்களுக்கும் இப்போது தேர்ந்தெடுக்க ஒரு சபை இல்லை.

இதில் நமக்குரிய பகுதியும் உண்டு. வாக்குரிமை பெற்ற குவைத் பெண்ணின் வீட்டிலேயே நம் நாட்டுப் பணிப்பெண் வேலை செய்கிறாள். அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறையை உறுதிசெய்யும் சட்டம் 2015 இல்தான் வந்தது. ஆகவே பெண் என்ற ஒரே சொல்லுக்குள்ளும் அதிகாரம் சமமாக இல்லை. குடியுரிமையும் பணமும் அதைப் பிரித்துவிடுகின்றன.

1931 இலேயே வாக்குப் பெற்ற நாம் பெருமைப்படலாம். உலகின் முதலாவது பெண் பிரதமரும் 1960 இல் நம் நாட்டிலேயே பதவியேற்றார். ஆனாலும் நம் பாராளுமன்றத்தில் பெண்கள் இன்றும் பத்திலொரு பங்கு அளவே. குவைத்தில் திவானிய்யா என்றால் நம்மிடையே பள்ளிவாசல் நிர்வாகம், ஊர்ச் சங்கம், கட்சிக் கூட்டம். இவ்விடங்களில் பேசப்படும் விடயங்களில் பாதி நம்மைப் பற்றியவை; நாம் மட்டும் அங்கு இருப்பதில்லை.

அன்பான பெற்றோரே, உங்கள் மகளுக்கு அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ வாக்காளர் இடாப்பில் பெயர் வரும். அவள் வாக்களிக்கப் போகும் நாளில் யாருக்கு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஏன் என்று அவளிடம் கேளுங்கள். காரணம் சொல்லப் பழகியவளே பின்னொரு நாள் முடிவெடுக்கும் சபையிலும் தயங்காமல் பேசுவாள்.