பயணக் குப்பிகள்: உயர்ரகச் சரக்கை வாங்கி வைக்கலாமா?



ஃபேன்ஸி ஸ்டோர், பிளாஸ்டிக் சாமான் கடை, பெட்டி-பை கடை நடத்தும் உறுப்பினர்கள் சில காலமாக எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஷாம்பூ, எண்ணெய், கிரீம் ஆகியவற்றை ஊருக்கு எடுத்துச் செல்ல, திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் சிறு குப்பிகள் செட்டாக வருகின்றன. இவற்றில் சாதாரண ரகம் மலிவு. சிலிக்கான் குப்பி, அலுமினியக் குப்பி, காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் டப்பி என்று வரும் உயர்ரகமோ நான்கைந்து மடங்கு விலை. "இந்த விலைக்கு இது தகுமா? வாங்கி அடுக்கினால் போகுமா?" என்பதுதான் கேள்வி.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அடிக்கடி பயணம் போகிறவருக்குத் தகும், மற்றவருக்குத் தகாது. கடைக்காரருக்கு, சோதித்துப் பார்த்துக் கொஞ்சமாக வாங்கினால் தகும். பெட்டி பெட்டியாக இறக்கினால் முதல் முடங்கும். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போட்டி யாரோடு?

இந்தக் குப்பிக்குப் போட்டி மற்றொரு குப்பி அல்ல, நம் கடை வாசலில் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்தான். கடலூர் சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக இருந்து பரப்பிய வழி அது. அவர் குடும்பத்திலிருந்து வந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் சிறு முதலில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைப் பாக்கெட் வழியாகவே கிராமங்கள் வரை கொண்டுசென்றார். இன்று எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் பாக்கெட் கிடைக்கும்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று நாள் பயணம் போகிறது. இரண்டு ரூபாய் பாக்கெட் பன்னிரண்டு வாங்கினால் 24 ரூபாய். உயர்ரகக் குப்பி செட் 800 ரூபாய் என்றால், அந்தப் பணத்தில் முப்பத்து மூன்று பயணத்துக்குப் பாக்கெட் வாங்கிவிடலாம். வருஷத்துக்கு ஒருமுறை திருப்பதிக்கோ குற்றாலத்துக்கோ போகும் குடும்பத்துக்கு இந்தச் செட் தேவையே இல்லை.

யாருக்குத் தகும்?

பாக்கெட்டில் கிடைக்காத பொருளைப் பயன்படுத்துகிறவருக்குத் தகும். தலைமுடிக்குத் தனி ஷாம்பூ, தோலுக்குத் தனி லோஷன் என்று வைத்திருப்பவர் வெளியூரில் கண்டதைப் பூச மாட்டார். அவர் அதே பொருளின் சிறு பாட்டிலைத்தான் வாங்குவார்.

200 மி.லி. பாட்டில் 500 ரூபாய், 50 மி.லி. பாட்டில் 200 ரூபாய் என்று வைத்தால், சிறு பாட்டிலில் 50 மி.லி.க்கு 75 ரூபாய் கூடுதலாகப் போகிறது. இரண்டு பொருளுக்குப் பயணம் ஒன்றுக்கு 150 ரூபாய். ஆறாவது பயணத்தில் 800 ரூபாய் செட் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். மாதம் இருமுறை வெளியூர் போகும் கம்பெனிப் பிரதிநிதிக்கு இது மூன்று மாதக் கணக்கு.

வெளிநாட்டு விமானப் பயணி இன்னொரு வாடிக்கையாளர். 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானத் தாக்குதல் சதி ஒன்று பிடிபட்ட பிறகு, கைப்பையில் கொண்டுபோகும் திரவப் பொருளுக்கு 100 மி.லி. என்ற வரம்பு உலகில் பல நாடுகளில் வந்தது. புதிய ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் வரம்பு நீடிக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் பார்ப்பது குப்பியின் கொள்ளளவை. உள்ளே இருக்கும் அளவை அல்ல. 150 மி.லி. குப்பியில் 20 மி.லி. எண்ணெய் இருந்தாலும் தடுத்துவிடுவார்கள். ஆகவே குப்பியிலேயே 100 மி.லி. அல்லது அதற்குக் கீழான அளவு அச்சிட்ட சரக்கையே வாங்குங்கள்.

விலை மூடிக்குத்தான்

உயர்ரகக் குப்பியில் நாம் கொடுக்கும் பணம் மூடிக்கும் வாஷருக்கும்தான் போக வேண்டும். ஊட்டிக்கு ஏறும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. விமானத்துக்குள்ளும் ஏறக்குறைய ஊட்டி உயரத்து அழுத்தமே இருக்கும். கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரியும் காற்று, மூடி சரியில்லாத குப்பியிலிருந்து ஷாம்பூவை வெளியே தள்ளிவிடும்.

ரகவாரியாக நினைவில் கொள்ள வேண்டியவை:

சிலிக்கான்: மெதுவாக இருப்பதால் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடலாம். ஆனால் எண்ணெய் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கான் கலந்த தலைமுடி சீரத்தை இதில் ஊற்றினால் குப்பி ஊறி உப்பும்.

அலுமினியம்: உள்பூச்சு இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றும் தெரியாது.

கெட்டிப் பிளாஸ்டிக்: அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் உள்ளதா என்று பாருங்கள். ஷாம்பூ, லோஷனுக்கு இவை நம்பகமானவை.

காந்த டப்பி: பார்க்க அழகு. வாய் அகலம் என்பதால் கிரீமுக்கு நல்லது. காந்தத்துக்கும் ஒழுகாமைக்கும் சம்பந்தமில்லை.

தேங்காய் எண்ணெய்க்கு எப்போதும் அகல வாய்ச் சரக்கே கொடுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குளிர் ஊரில் சிறு துளைக் குப்பியிலிருந்து ஒரு சொட்டும் வராது.

சரக்கு எடுக்கும் முன்

மாதிரிக்கு இரண்டு செட் கேட்டு வாங்குங்கள். குப்பியில் ஷாம்பூவை நீர்க்கக் கரைத்து நிரப்புங்கள். வெறும் தண்ணீர் நிற்கும் மூடியிலும் ஷாம்பூ கசியும் என்பதால் தண்ணீர்ச் சோதனை போதாது. தலைகீழாகப் பழைய செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் படுக்க வைத்து, மேலே ஒரு கிலோ படிக்கல்லை ஏற்றுங்கள். பிறகு மூடியை ஐம்பது முறை திறந்து மூடி, மறுபடி ஓர் இரவு வையுங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். தனி வாஷர் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வாஷர் போனால் 800 ரூபாய் செட்டும் குப்பைதான்.

முதல் கணக்கு

அடக்கம் 500, விற்பனை 800 என்று வைப்போம். செட்டுக்கு 300 ரூபாய் லாபம் என்றதும் மனம் 24 செட் எடுக்கச் சொல்லும். மாதம் இரண்டு செட் போனால், 12,000 ரூபாய் போட்டது முழுதும் திரும்ப ஒரு வருஷம் ஆகும், லாபம் 7,200. அதே 12,000 சோப்பு, பாக்கெட் சரக்கில் மாதம் ஒருமுறை சுழன்று நூற்றுக்கு ஆறு தந்தால், வருஷத்தில் 8,640.

ஆனால் ஆறு செட் மட்டும் எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்தால், 3,000 ரூபாய் முதலில் அதே 7,200 லாபம் வரும். மீதி 9,000 சோப்பிலும் பாக்கெட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். மொத்த வியாபாரி "பெட்டியாக எடுத்தால் ஐந்து சதம் தள்ளுபடி" என்பார். நாங்களும் அப்படிச் சொல்லி விற்கும் கட்சிதான். இருந்தாலும் மெதுவாகப் போகும் சரக்கில் அந்தத் தள்ளுபடியை விடச் சுழற்சியே பெரிது என்று எங்கள் சில்லறை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவருகிறோம். அவர்கள் முதல் முடங்கினால் எங்கள் பாக்கியும் முடங்கும்.

சட்டத்தில் இரண்டு எச்சரிக்கை

இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, எண்ணிக்கை, மாதம்-வருஷம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் எடையளவு பொதி விதிகள் கேட்பவை இவை. இல்லாத பெட்டி உங்கள் அலமாரியில் இருந்தால், ஆய்வாளர் முதலில் கேட்பது உங்களைத்தான்.

அடுத்தது, குப்பியில் ஷாம்பூவையோ கிரீமையோ நீங்களே ஊற்றி "பயண செட்" என்று விற்காதீர்கள். 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டத்தில் விற்பனைக்காகப் பிரித்து அடைப்பதும் தயாரிப்பிலேயே சேரும். அதற்கு உரிமம் வேண்டும். காலிக் குப்பியாகவே விற்க வேண்டும்.

விற்கும்போது

வாடிக்கையாளரிடம், "வருஷத்தில் எத்தனை பயணம் போவீர்கள்? எதை ஊற்றப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு பயணம் என்றால் பாக்கெட் சரத்தைக் காட்டுங்கள். உயர்ரகம் வாங்குகிறவருக்கு, முக்கால் அளவு நிரப்பவும், சிலிக்கானில் காற்றைப் பிதுக்கி மூடவும், மறுபடி நிரப்புமுன் கழுவி நன்றாகக் காயவைக்கவும், என்ன பொருள் என்று எழுதி ஒட்டவும், மருந்தை ஊற்றாதிருக்கவும் சொல்லிக் கொடுங்கள். ஈரம் தங்கிய குப்பியில் பொருள் கெட்டு, பழி கடைக்கு வரும்.

கல்யாணத்துக்குக் கொண்டுபோன பட்டுப்புடவையில் எண்ணெய் கொட்டினால், அந்த அம்மாள் குப்பி செய்த கம்பெனியின் பெயரை நினைக்க மாட்டார். "அந்தக் கடையில் வாங்கினேன்" என்றுதான் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்வார். 300 ரூபாய் லாபத்துக்காக அந்தப் பேச்சை வாங்க வேண்டாம். இரண்டு இரவு செய்தித்தாளின் மேல் நின்ற குப்பியை மட்டும் அலமாரியில் ஏற்றுங்கள்.