தாண்டாமல் கேட்போம்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள லிட்டில் இந்தியாவில் நடந்தால், கடைக்குக் கடை வேறு பாடல் காதில் விழும். கைப்பேசியிலும் நாம் அப்படித்தான் கேட்கிறோம். ஒரு பாடல் முடியுமுன் விரல் அடுத்ததைத் தேடுகிறது. திரைப்பாடல்களுக்கு இது பொருந்தலாம். அவை தனித்தனிக் காட்சிகளுக்காக அமைக்கப்பட்டவை தாமே!

1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் இசைத்தொகுப்பு அத்தகையதன்று. இதற்குத் திரைப்படமும் இல்லை, கதையும் இல்லை. பத்து இசைக்கோவைகள் கொண்ட இதனை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். பாக் மறைந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். சந்தித்திருக்கவே முடியாத இவ்விருவரின் இசை மரபுகளும் இங்கே வயலினில் சந்திக்கின்றன.

ஒரு கோவையில் பாக் இயற்றிய வயலின் இசையே ஒலிக்கிறது. இந்திய இராகச் சாயலில் மற்றொரு வயலின் அதனுடன் இழைந்து செல்கிறது. அக்கோவையின் ஆங்கிலப் பெயருக்கு, ‘என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்’ என்று பொருள். அதற்கு அடுத்த கோவையின் பெயர், ‘பிறகு நாங்கள் உரையாடினோம்’ என்பதாகும். முன்னதைத் தாண்டிச் சென்றவருக்கு, யார் யாருடன் உரையாடினார் என்பதே விளங்காது.