ஜன்னலில் ஒட்டிய தாள்

தாராவி,
8-6-2025

அன்புள்ள பேரன் செல்வத்துக்கு,

தாத்தா எழுதுவது. நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கடற்படைப் பயிற்சியில் உங்களுக்குப் பேசக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அதில் பாதியை அடுத்த சந்துப் பையனைத் திட்டவே செலவழித்துவிட்டாய். மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது "இது யாருக்காக?" என்று அவன் ஸ்டேட்டஸ் போட்டானாம். அவனைத் தூக்கி உள்ளே வைக்கணுமாம். நீ பயிற்சிக்காகச் சில்காவுக்குப் புறப்பட்ட அன்று குர்லா டெர்மினஸ் வரைக்கும் உன் பெட்டியைச் சுமந்து வந்தவன் அவன்தான் ராசா.

அவன் போட்டது எனக்கும் பிடிக்கவில்லை. அதற்கு முன்னால் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றபோது என் வயிறும் எரிந்தது. ஆனாலும் 'உள்ளே வைக்கணும்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு உன் பூட்டன் ஞாபகம்தான் வருகிறது.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பம்பாய் முழுக்க பிளாக்அவுட். என் அம்மா மைதாப் பசை காய்ச்சி ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டினாள். ஒரு பொட்டு வெளிச்சம் கசிந்தாலும் தெருவிலிருந்து "பத்தி பந்த் கரோ!" என்று சத்தம் வரும். 9-ஆம் தேதி நம்ம குக்ரி போர்க்கப்பல் மூழ்கி 194 பேர் போனார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் சந்தில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. 16-ஆம் தேதி சண்டை முடிந்தது. மறுநாளே அம்மா தாளைச் சுரண்டி எடுத்துவிட்டாள்.

சர்க்கார் ஒட்டிய தாளை மட்டும் யாரும் சுரண்டவில்லை. அந்த டிசம்பரில் அறிவித்த அவசர நிலை 1977 மார்ச் வரை நீடித்தது. நடுவில், 1974 மே 8-ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம். போனஸ் கேட்டார்கள், எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். பாகிஸ்தான் சண்டைக்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளையே அவர்கள் மேல் பாய்ச்சினார்கள். உன் பூட்டன் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். சொந்தக்காரர் ஒருவரின் தோல் கிடங்கில் இரண்டு வாரம் ஒளிந்திருந்தார். தூக்குவாளியில் சோறு கொண்டுபோவது என் வேலை. உப்புத் தோல் வாடை சோற்றில் ஏறிவிடும், அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். மே 18-ஆம் தேதி பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். மறுநாள் பேப்பரைக் கொடுத்தேன். "நம்ம ஆளுங்க சாதிச்சுட்டானுவ பாத்தியா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்த நேரத்தில் போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த வேலைநிறுத்தத்தை நடத்தி ஜெயிலுக்குப் போன ஜார்ஜ் பெர்னாண்டஸ்தான் கார்கில் சண்டையின்போது ராணுவ மந்திரி!

1971-க்கு முந்தியும் இதே கதைதான். சீனாக்காரனுக்காக 1962 அக்டோபரில் கொண்டுவந்த அவசர நிலை 1968 ஜனவரி வரை கிடந்தது. சண்டை ஒரு மாதம்தான். 1965-இல் இந்தி எதிர்ப்பின்போது கருணாநிதியை அந்தச் சீனச் சண்டைக்காகப் போட்ட பாதுகாப்பு விதிகளில் பிடித்து, நம்ம பாளையங்கோட்டை ஜெயிலில் வைத்தார்கள். அவருக்கும் சீனாவுக்கும் என்னப்பா சம்பந்தம்?

உன் விஷயம் வேறு. யூனிஃபார்ம் போட்டவனின் பேச்சுரிமையைக் குறைக்கலாம் என்று அரசியல் சட்டம் 33-ஆவது பிரிவே சொல்கிறது. அது சரிதான். கப்பலில் ஆளுக்கொரு பேச்சு பேசினால் கப்பல் நகராது. கப்பல் எங்கே நிற்கிறது என்று எவனாவது வெளியே எழுதினால் அவனைப் பிடிக்கட்டும், நானே காட்டிக்கொடுப்பேன். ஆனால் நீ கையெழுத்துப் போட்டு உன் வாயைக் கட்டிக்கொண்டாய். அந்தப் பையன் போடவில்லையே.

புனேயில் ஒரு காலேஜ் பெண், பத்தொன்பது வயது. இந்த மே மாதம் சண்டையைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டாள். பிறகு அழித்தாள், மன்னிப்பும் கேட்டாள். அப்படியும் கைது செய்து, காலேஜை விட்டும் நீக்கினார்கள். நம்ம பம்பாய் ஹைகோர்ட்தான் சர்க்காரையும் காலேஜையும் கண்டித்து 27-ஆம் தேதி ஜாமீன் கொடுத்தது. நீதிபதிகளுக்கு தேசப்பற்று இல்லையா என்ன?

இன்னொன்று. உனக்கு இது நாலு வருஷ வேலை. அக்னிவீரர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி பதினோரு லட்சத்துச் சொச்சம், பென்ஷன் கிடையாது. நீ நிற்க வேண்டும் என்றுதான் செம்பூர் முருகனிடம் வேண்டுகிறேன். ஒருவேளை திரும்பி வந்து, நாலு பேரோடு ஆசாத் மைதானத்தில் நின்று நியாயம் கேட்கிறாய் என்று வை. அன்றைக்கு எங்காவது எல்லையில் சண்டை நடந்தால்? இப்போது நீ சொன்ன அதே வார்த்தையை உன்னைப் பார்த்து ஒருவன் சொல்லுவான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீச்சல் பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டாயா என்று ஆச்சி கேட்கச் சொன்னாள். அந்த அடுத்த சந்துப் பையன் நேற்று வந்து உன் விலாசம் கேட்டான், கடிதம் போட வேண்டுமாம். உன்னைக் கேட்காமல் கொடுக்கவில்லை. அடுத்த போனில் சொல்.

அன்புடன்,
தாத்தா