மாற்ற முடிவதும் தாங்க வேண்டியதும்

ஒரே நோய்க்காக, ஒரே பிரிவில், அடுத்தடுத்த கட்டில்களில் இருவர் அனுமதிக்கப்படுகின்றனர். ஒருவர் உறக்கமின்றித் தவிக்கிறார். மற்றவர் ஓரளவு அமைதியாக இருக்கிறார். முதலாமவருக்கு மனத்துணிவு இல்லை என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். இம்முடிவு சரியன்று என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வினால் விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ். நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் பயன்படக்கூடிய அவரது பணியை இக்கட்டுரையில் அறிந்துகொள்வோம்.

உணர்ச்சியை அளக்க முனைந்தவர்

லாசரஸ் 1922-இல் நியூயார்க் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் பணியாற்றிய பின், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1957 முதல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். வெளிப்படையான நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்னும் கொள்கை உளவியலில் ஓங்கியிருந்த காலம் அது. அந்நாளில் அவர், மனிதர் ஒரு நிகழ்வுக்கு என்ன பொருள் கொள்கிறார் என்பதை ஆராயத் துணிந்தார்.

1960-களில் அவரும் அவருடைய குழுவினரும், பட்டறை விபத்துகளைக் காட்டும் ஒரு படத்தைப் பலருக்குத் திரையிட்டனர். பார்ப்போரின் இதயத்துடிப்பும் தோலின் வியர்வை மாற்றமும் கருவிகளால் பதிவு செய்யப்பட்டன. இவை நடிக்கப்பட்ட காட்சிகளே என்று சிலருக்கு முன்னதாக விளக்கப்பட்டது. வேறு சிலர், தொழிற்பாதுகாப்பை ஆராய்பவரைப் போல விலகி நின்று பார்க்குமாறு வேண்டப்பட்டனர். இவ்விரு சாராரிடமும் உடலின் பதற்றம் குறைவாக இருந்தது. படம் ஒன்றே, அதை மனம் எடுத்துக்கொண்ட விதம்தான் வேறு.

மனம் கேட்கும் இரு கேள்விகள்

இதிலிருந்து லாசரஸ் உருவாக்கிய கருத்தே 'மதிப்பீடு' எனப்படுவது. ஒரு செய்தியைக் கேட்டதும் மனம் இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. இதனால் எனக்கு அல்லது என்னைச் சார்ந்தோருக்கு என்ன ஆபத்து? இதை எதிர்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது? ஆபத்து பெரிதாகவும் கைவசம் உள்ளது சிறிதாகவும் தோன்றும்போது மன அழுத்தம் பிறக்கிறது.

ஆகவே, அஞ்சுபவரிடம் "பயப்படாதே" என்று சொல்வதனால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. அச்சம் அக்கேள்விகளுக்கு அவர் மனம் கண்ட விடை. விடை மாற வேண்டுமாயின், அவர் கைவசம் உள்ளவை பெருக வேண்டும். அறுவைக்குப் பின் வலி எவ்வாறு குறைக்கப்படும் என்னும் விளக்கம், இரவில் உடனிருக்க ஓர் ஆள், வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்க ஒருவர் உண்டு என்னும் உறுதி ஆகியவை அறிவுரையைவிட வலிமையானவை.

இருவகைச் சமாளிப்பு

1984-இல் லாசரஸும் அவருடைய மாணவியாக இருந்து உடனாய்வாளரான சூசன் ஃபோக்மனும் இணைந்து, மன அழுத்தத்தையும் அதைச் சமாளிப்பதையும் பற்றிய நூலை வெளியிட்டனர். சமாளிப்பை அவர்கள் இருவகையாகப் பிரித்தனர். முதலாவது, சிக்கலையே தீர்க்க முயல்வது: மருத்துவரிடம் கேட்பது, மருந்து நேரத்தைக் குறித்து வைப்பது, செலவுக்கு வழி தேடுவது போன்றவை. இரண்டாவது, சிக்கல் எழுப்பும் உணர்ச்சியைத் தணிப்பது: மனம்விட்டு அழுவது, நெருங்கியவரிடம் பேசுவது, வழிபடுவது, பாட்டுக் கேட்பது போன்றவை.

இரண்டாவதைச் சோம்பல் என்றோ கோழைத்தனம் என்றோ கருதுதல் தவறு. மாற்ற முடிந்த இடத்தில் முதல் வகை உதவும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் இரண்டாம் வகையே துணை. திசுப் பரிசோதனைக்குக் கொடுத்தாகிவிட்டது. முடிவு வர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் கைப்பேசியில் நோயைத் தேடிக்கொண்டிருப்பவர் முயற்சி செய்வதாக எண்ணலாம். உண்மையில் அங்கு மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

அறிய விரும்பாமையும் ஒரு வழியா?

1973-இல் லாசரஸ், பிரான்சிஸ் கோஹன் என்பாருடன் சேர்ந்து, அறுவைக்குக் காத்திருந்த 61 நோயாளிகளை ஆராய்ந்தார். நுணுக்கங்களை அதிகம் அறிய விரும்பாதவர்களைவிட, எல்லாவற்றையும் தேடித்தேடி அறிந்தவர்களே சிரமத்துடன் தேறினர். சிறிய ஆய்வாதலின் இதை எல்லோருக்கும் பொருத்துதல் ஆகாது. எனினும், "எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார், எனக்குச் சொல்ல வேண்டாம்" என்பவரை வற்புறுத்துவதற்கு முன் நாம் சிந்திக்க வேண்டும்.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. மார்பில் கட்டி தென்பட்டும், நெஞ்சுவலி வந்தும் "ஒன்றுமில்லை" என்று தள்ளிப்போடுவது உயிருக்கே தீங்காகும். செய்ய வேண்டியது எஞ்சியிருக்கும்போது மறுப்பு கெடுக்கிறது. செய்ய வேண்டியவை முடிந்தபின் அது சற்றே இளைப்பாற்றுகிறது. லாசரஸ் வலியுறுத்திய வேறுபாடு இதுவே.

பேணுவோரின் சிரிப்பு

1990-களில் ஃபோக்மன், சான்பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் நலிந்த தம் துணைவர்களைப் பேணிய ஆண்களைத் தொடர்ந்து சந்தித்து உரையாடினார். அந்நோய்க்குப் பயன்மிக்க கூட்டு மருந்துகள் வருவதற்கு முந்தைய காலம் அது. ஆய்வாளர்கள் துயரைப் பற்றியே கேட்டபோது, நல்லவற்றையும் கேளுங்கள் என்று பேணுவோரே கூறினர். அவ்வாறு கேட்டபோது ஏறக்குறைய எல்லோரிடமும் விடை இருந்தது. நண்பரின் ஒரு நல்ல சொல், சேர்ந்துண்ட உணவு, ஓர் அழகிய காட்சி எனப் பெரும்பாலும் அன்றாடச் சிறு நிகழ்வுகளே அவை. கடுந்துயரும் சிறுமகிழ்ச்சியும் ஒரே நெஞ்சில் ஒருங்கே வாழ்ந்தன. அம்மகிழ்ச்சி அவர்கள் தொடர்ந்து தாங்குவதற்கு ஊன்றுகோலாயிற்று.

நோயாளியின் அருகில் இருக்கும்போது சிரித்துவிட்டதற்காகக் குற்றவுணர்வு கொள்ளும் உறவினர்கள் பலர். அச்சிரிப்பு அன்பின் குறைவன்று.

வீட்டிலும் பிரிவிலும் செய்யக்கூடியவை

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இந்த வாரம் நம்மால் மாற்ற முடிந்தவற்றை ஒருபுறமும், காத்திருக்க வேண்டியவற்றை மறுபுறமும் எழுதுவோம். முதற்பகுதிக்கு ஒரு செயலையும், இரண்டாம் பகுதிக்கு ஓர் ஆறுதலையும் தேடுவோம்.

"எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று நோயாளியிடமே கேட்போம். நாளை அவருடைய விருப்பம் மாறக்கூடும். அப்போது மீண்டும் கேட்போம்.

இரவு படுக்குமுன், அன்று நிகழ்ந்த ஒரு நல்லதை நோயாளியும் பேணுபவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.

இவற்றுக்குப் பின்னும் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவியுங்கள். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதியாமல் சொல்லுங்கள். பேணுபவருக்கும் இது பொருந்தும்.

லாசரஸ் 2002-இல் காலமானார். மோசமானதை அஞ்சிக்கொண்டே நல்லதை விழைவதுதான் நம்பிக்கை என்று அவர் விளக்கியிருந்தார். அச்சம் இருப்பதனால் நம்பிக்கை இல்லை என்று பொருளாகாது. இரண்டையும் ஒருசேரச் சுமப்பவர்களுக்கு நாம் தர வேண்டியது கண்டிப்பு அன்று, துணையே.