அணுக்களின் மெய்ம்மயக்கம்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் புரதத்திற்கு என்ன வேலை என்று மாணவர்கள் வினவக்கூடும். எழுத்தோடு எழுத்து சேரும் முறையை ஆராய்வது இலக்கணம். அணுவோடு அணு சேரும் முறையை ஆராய்வது மூலக்கூற்றியல். எது எதனோடு சேரும், எது சேராது என்பதே இரண்டிற்கும் பொதுவான வினா. சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் வழி அவ்வினாவைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரதமும் முப்புரியும்

20 வகை அமினோ அமிலங்கள் மணிகளெனக் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம். அச்சங்கிலி மடிந்து பெறும் வடிவத்திற்கேற்ப அதன் தொழில் அமைகிறது. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பதனிட்டு வரும் தோலின் வலிமையும் இதனாலேயே வாய்த்தது.

1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி. என். இராமச்சந்திரன், கொலாஜனின் அமைப்பை ஆராய முற்பட்டார். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணை அவருக்குக் கிட்டியது. கங்காரு வாலின் தசைநாண் ஊடுகதிர்ப் படத்திற்கு ஏற்றதாக அமைந்தது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். மூன்று புரிகளைச் சேர்த்துக் கயிறு திரிப்பது போல, மூன்று சங்கிலிகள் பின்னியதே கொலாஜன் என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

அக்கயிற்றின் நடுவே இடம் மிகக் குறுகியது. ஆதலின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசின் நிற்றல் வேண்டும். அவ்விடத்தில் வேறொன்று புகுந்தால், எளிதில் எலும்பு முறியும் பிறவிநோய் குழந்தைக்கு நேரக்கூடும். ஓரெழுத்து மாறச் சொல் சிதைவது போன்றதே இது.

மறுப்பிலிருந்து பிறந்த வரைபடம்

1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன எனக் குறை கூறினர். அம்மாதிரியின் சில கூறுகள் பின்னர்த் திருத்தம் பெற்றன. முப்புரி என்னும் அடிப்படையோ நிலைத்தது.

இராமச்சந்திரன் அம்மறுப்பை ஒரு வினாவாக மாற்றினார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த படிக ஆய்வுகளைத் தொகுத்து எல்லைகளை வகுத்தார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முதன்மையாகச் சுழலக்கூடிய கோணங்கள் இரண்டு. அவற்றுள் எந்த இணைகளில் அணுக்கள் மோதா என்று கணக்கிட்டபோது, பெரும்பாலானவை விலக்கப்பட்டன. சில பகுதிகளே எஞ்சின. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட இவ்வரைபடம் உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என வழங்குகிறது.

நம் மெய்ம்மயக்க விதியை இங்கு நினைவுகூரலாம். தனிச்சொல்லில் க், ச், த், ப் ஆகியவற்றின் பின் அவ்வவ்வெழுத்தே வரும். பக்கம், அச்சம், பத்து, அப்பம் என்பன சான்று. ர், ழ் ஆகியனவோ தம்மொடு தாம் மயங்கா. ஒலிக்கும் வாய்க்கு ஓர் எல்லை இருப்பது போல அணுவின் உருவிற்கும் ஓர் எல்லை உண்டு.

காந்தம் காட்டும் அசைவு

ஊடுகதிர் ஆய்விற்குப் புரதத்தைப் படிகமாக்குதல் வேண்டும். உயிருள்ள உடலிலோ புரதம் பெரும்பாலும் நீர்ச்சூழலில் அசைந்துகொண்டே இருக்கிறது. அவ்வசைவை அறியத் துணைநின்றது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை. திருநெல்வேலிக்குச் சென்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரும் நம்மூர்ப் பெரியவர்கள் அறிந்த கருவிக்கும் இதுவே அடிப்படை.

வலிய காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு பம்பரம் போல் தலையசைக்கும். உரிய ரேடியோ அலை பட்டால் அது மறுமொழி தரும். அருகிலுள்ள எலக்ட்ரான்களுக்கேற்ப அம்மறுமொழியின் அதிர்வெண் சிறிது வேறுபடும். 1951இல் ஸ்டான்ஃபோர்டில் இந்தியரான தர்மாட்டி உள்ளிட்ட மூவர், எத்தனாலின் ஹைட்ரஜன்கள் மூன்று தனிக் குறிகளாகப் பிரிவதைக் காட்டினர்.

புரதத்திலோ நூற்றுக்கணக்கான குரல்கள் ஒருங்கே எழும். அவற்றைப் பிரித்தறிய, பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியராக விளங்கிய அனில் குமார், எர்ன்ஸ்ட், வூத்ரிச் ஆகிய மூவரும் 1980இல் இருபரிமாண முறையொன்றை வெளியிட்டனர். ஏறத்தாழ அரை நானோமீட்டருக்குள் நிற்கும் ஹைட்ரஜன்கள் தம்முள் தொடர்புகொள்வதை அது காட்டிற்று. அண்டை வீடுகளைக் குறித்துக்கொண்டு தெருவை வரைவது போல, அத்தொலைவுகளிலிருந்து புரதத்தின் வடிவம் பெறப்பட்டது. வூத்ரிச் 2002இல் நோபல் பரிசு பெற்றார். இறுகப் பொதிந்த புரதத்தின் உள்ளேயும் சில அணு வளையங்கள் புரண்டு திரும்புவதை அவர் குழுவினர் 1970களிலேயே கண்டிருந்தனர். இம்முறையால் பெறும் வடிவங்களின் செம்மையைச் சோதிக்க, சென்னையில் பிறந்த அவ்வரைபடமே இன்றும் உரைகல்லாகத் திகழ்கிறது.

முடிவுரை

பதினோராம் நூற்றாண்டில் இப்னு அல்ஹைதம், முன்னோர் நூல்களை ஐயத்தோடு அணுகிச் சோதித்தே ஒளியியலை வளர்த்தார். இராமச்சந்திரன் தம் கருத்தின் மீதே அச்சோதனையை நிகழ்த்தினார். விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டதும் படிப்பே தமக்கு உரியதன்று என ஒதுங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வகுப்பறையில் காண்கிறோம். அவர்களுக்கு ஆசிரியரும் பெற்றோரும் எடுத்துக்கூற வேண்டிய வரலாறு இது. பிறர் காட்டிய குறை இழிவன்று. அடுத்த வினாவின் தொடக்கம். அதனை அஞ்சாது ஏற்ற ஒருவரின் பெயரை, புரதம் பயிலும் மாணவர் உலகெங்கும் உச்சரிக்கின்றனர்.