பட்டதாரியும் சொந்தத் தொழிலும்

கேள்வி: காலி வீதி நெடுக நம்மவர் கடைகள். நம் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் சொந்தத் தொழிலுக்கு ஏன் பின்வாங்குகிறார்கள்?
(ஒரு வாசகர், வெள்ளவத்தை)

பதில்: துணிவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். 2020இல் அரசு 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தது; மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். சொற்பம்தான். ஆனால் வேலை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கை வங்கிக் கடனுக்கும் கல்யாணப் பேச்சுக்கும் உதவும். ஆகவே காத்திருப்பது சோம்பல் அல்ல, கணக்கு. 2022 பொருளாதார நெருக்கடியில் அந்தக் கணக்கு பிழைத்ததே என்பீர்கள். சம்பளத்தின் பெறுமதி கரைந்தது மெய், வேலை போகவில்லை. வியாபாரிக்கோ பல பொருட்களின் இறக்குமதியே நின்றது. (புடவைக்கடை முதலாளிகளே பிள்ளைகளைக் கணக்காளர் படிப்புக்குத்தானே அனுப்புகிறார்கள்!) சஞ்சீவ வீரவரண 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியதும் ஐபிஎம்மில் வேலை பார்த்த பிறகுதான். இறுதியாண்டு மாணவரிடம் ஊக்க உரை நிகழ்த்துவதைவிட, கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு அலுவலகத்தின் முதல் வருட வாடகையை யார் தாங்குவது என்று பேசலாம்.