ஏணி வழுக்குவது எப்போது?

மின்கம்பங்களில் பழுது பார்க்கும் ஊழியர்களுக்கு நேரும் விபத்து என்றவுடன் மின்சாரத்தின் அபாயமே நினைவுக்கு வருகிறது. ஆயினும், ஏணியிலிருந்து விழுவதாலும் எலும்பு முறிவும், முதுகெலும்புச் சேதமும், சில வேளைகளில் உயிரிழப்பும் நேருகின்றன. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் ஏறத்தாழ ஒரு விநாடியில் தரையை அடைகிறார். அப்போது அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் ஆகும்.

கீழ்ப்படிகளில் ஏறி நின்று, ஏணி அசையவில்லை என்று கண்டு மேலே செல்வது பலருடைய வழக்கம். இச்சோதனை போதுமானதன்று.

சாய்த்து வைத்த ஏணியின் அடி வெளிப்புறமாக நழுவ முயல்கிறது. தரையின் உராய்வு அதைத் தடுக்கிறது. தரை அளிக்கக்கூடிய உராய்வின் உச்ச அளவு, தரையின் தன்மையையும் அதன்மீது அழுத்தும் மொத்த எடையையும் பொறுத்தது. ஊழியர் எந்தப் படியில் நின்றாலும் இவ்வளவு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால், ஏணியை நிறுத்தி வைக்கத் தேவையான உராய்வோ, அவர் ஏறும் ஒவ்வொரு படிக்கும் கூடுகிறது. தேவை, உச்ச அளவைக் கடக்கும் கணத்தில் ஏணி வழுக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஏணி கம்பத்தில் 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்திருக்க, அதன் அடி கம்பத்திலிருந்து 1 மீட்டர் தள்ளியிருப்பதாகக் கொள்க. ஏணியின் எடையையும் கம்பத்தின் உராய்வையும் நீக்கிக் கணக்கிட்டால், 60 கிலோகிராம் எடையுள்ளவர் கால் பங்கு உயரத்தில் நிற்கும்போது தேவைப்படும் உராய்வு, சுமார் 4 கிலோகிராம் எடைக்குச் சமம். உச்சியில் 15 கிலோகிராம். அடியை 2 மீட்டர் தள்ளி வைத்தால், உச்சியில் 30 கிலோகிராம் தேவைப்படும். எனவே, உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரத்திலேயே அடியை ஊன்ற வேண்டும். சேறும் எண்ணெயும் படிந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். உருண்டையான கம்பத்தில் ஏணியின் உச்சி பக்கவாட்டில் புரளக்கூடுமாதலால், அதைக் கயிற்றால் கம்பத்துடன் கட்டுதல் அவசியம். கட்டி முடியும் வரை மற்றொருவர் அடியைப் பிடித்திருக்க வேண்டும்.

உயிரைப் பறிக்காத சிறு மின் அதிர்ச்சியும் தசைகளைத் திடீரெனச் சுருங்கச் செய்து, பிடியை நழுவ விடும். ஆகவே, மின்னோட்டத்தைத் துண்டித்து, கம்பியில் மின்சாரம் இல்லையெனச் சோதித்து, அதனைப் புவியுடன் இணைத்த பின்னரே கை வைக்க வேண்டும். உலோக ஏணியைக் கம்பிகளின் அருகே கொண்டு செல்லலாகாது. பாதுகாப்பு வாரை ஏணியில் மாட்டாமல் கம்பத்தைச் சுற்றி மாட்டுவதே முறை; ஏணி நழுவினாலும் ஊழியர் அதனுடன் தரைக்குச் செல்லமாட்டார். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், பின்னர் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும், வார், ஏணி, கையுறை முதலியவற்றை ஊழியருக்கு வழங்க வேண்டுமென விதித்துள்ளன.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். வழுவழுப்பான மேசைமீது ஒரு அளவுகோலைச் சாய்த்து நிறுத்தி, ஒரு எடையை முதலில் அதன் கீழ்ப்பகுதியிலும் பின்னர் மேற்பகுதியிலும் தொங்கவிடுக. கீழே எடையைத் தாங்கி நின்ற கோல், மேலே அதே எடைக்கு வழுக்கி விழும். முதற்படியில் கிடைக்கும் உறுதி, கடைசிப் படிக்கு உத்தரவாதமன்று என்பதை மாணவரும் ஊழியரும் நேரில் காண்பர்.